ஓடாத மெஷினின் சத்தம்

"அப்பா, உங்க இந்தக் காதுக்கு என்மேல கோவமா?"

ஷர்மினி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தீபாவளிக் காலை. தலையில் வைத்த நல்லெண்ணெய் நெற்றியில் இறங்க, அப்பாவின் மடியில் ஏறி, அவனுடைய வலது காதைச் சுற்றிக் கையைக் குவித்து ஏதோ ரகசியம் சொல்லியிருக்கிறாள். வாசுவுக்கு ஒரு சொல்லும் விழவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அடுப்படியில் ஆட்டிறைச்சிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்த ருக்குமணி சிரித்துவிட்டாள். வாசுவும் சிரித்தான். "அந்தக் காது தூங்குதுடா பாப்பா. இந்தப் பக்கம் சொல்லு" என்று இடது காதைக் காட்டினான். கம்பி மத்தாப்பு வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தான். வீட்டில் எல்லோரும் அந்தக் கேள்வியை அன்றைக்கே மறந்துவிட்டார்கள். வாசு மட்டும் மறக்கவில்லை.

அந்தக் காது பிறகு விழிக்கவே இல்லை. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி இருந்தது. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற கட்டிதான் என்றார்கள். தலையைத் திறந்து எடுத்தார்கள். கட்டி போனது, போகும்போது வலது காதில் மிச்சமிருந்ததையும், முகத்தின் வலது பாதியையும், காலின் நிதானத்தையும் கூடவே கொண்டுபோனது. அது நடந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் வலது கண் தானாக மூடாது. படுக்கும் முன் இமையை இழுத்து டேப் ஒட்ட வேண்டும். பகலில் மணிக்கொரு முறை சொட்டு மருந்து. சோறு வாயின் வலது ஓரத்தில் வழியும். வழிவது அவனுக்கே தெரியாது. எதிரில் இருப்பவர்களின் கண்ணைப் பார்த்துத்தான் துடைத்துக்கொள்வான்.

ஆயர் ஈத்தாமில் அவர்கள் இருந்த பிளாட்டின் ஒன்பதாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்குவதற்குள் அவன் தள்ளாடுவதைப் பார்த்த யாரோ ஒருவரின் முதல் பேச்சு காதில் விழுந்துவிடும். நல்ல காதில்.

"காலையிலயே ஏத்திட்டாரு போல."

"ஆமாய்யா, உங்க வீட்டுப் போத்தல்தான்!" என்பாள் ருக்குமணி. வாசுவின் மோட்டார் சைக்கிளை விற்றாயிற்று. பஸ்ஸில் ஜெட்டிக்குப் போய், ஃபெர்ரி ஏறி, அக்கரையில் கம்பெனி வேன் பிடித்து மாக் மண்டினுக்குப் போவான். நாள் முழுவதிலும் ஃபெர்ரியில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுக்குப் பிடிக்கும். அங்கே எல்லோரும் ஆடுவார்கள்.

ஷர்மினிக்கு இப்போது ஒன்பது வயது. அப்பாவோடு நடக்கும்போது எப்போதும் இடது பக்கமாகவே வருவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வைத்தியத்துக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. இந்தக் கட்டி வந்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று டாக்டர்கள் எழுதிவைக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவள் நஸீஹா. தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயது இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை ருக்குமணியும் பாயான் பாரு ஃபேக்டரியில் லீவு போட்டுக் கூட வந்திருந்தாள்.

பஞ்சுத் திண்டின் மேல் கண்ணை மூடி நிற்கச் சொன்னாள் நஸீஹா. மூன்று எண்ணுவதற்குள் வாசு சாய்ந்தான்; அவள் கை தயாராக இருந்தது. தரையில் ஒட்டிய கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னாள். சிரிக்கச் சொல்லி ஒரு படம், கன்னத்தை உப்பச் சொல்லி ஒரு படம். பிறகு கேள்வித்தாள்.

"போன நாலு வாரத்துல, ஆளுங்க கூட்டத்துக்குப் போக வெக்கமா இருந்துச்சா அங்கிள்? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்ல."

"இல்ல."

"கீழ விழுந்துருவோம்னு பயம்?"

"இல்ல."

"இல்லையாம்!" என்றாள் ருக்குமணி. "போன வாரம் பாசார்ல மீன் தட்டு மேலயே போய்ச் சாஞ்சாரு. அந்தச் சீனன் கத்துன கத்து இன்னும் எனக்குக் கேக்குது."

"உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கணும் இல்ல? பின்ன எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தீங்க?"

நஸீஹா இருவரையும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். "ஒண்ணு மட்டும் சரி பாக்கணும் அங்கிள். காதுல சத்தம் மொத மொதல்ல எப்பக் கேட்டுச்சு? ஃபைல்ல 2023 ஜூன்னு இருக்கு. ஆகஸ்ட்ல கட்டி தெரிஞ்சிருக்கு. ரெண்டே மாசம்."

"ஆமா. ஜூன்."

"நீங்க அட்மிட் ஆனப்ப ஃபேக்டரியில எடுத்த ஹியரிங் டெஸ்ட் பேப்பர் ஒண்ணு குடுத்திருக்கீங்க. அது ஜனவரி. அதுலயே வலது காது நல்லா எறங்கியிருக்கு. அதான் கேக்குறேன்."

வாசுவின் இடது புருவம் ஏறியது. வலது புருவம் ஏறாது. "எனக்குக் காது கேக்கலன்னா எனக்குத் தெரியாதா? ஜூன்னா ஜூன்தான் லா."

"தப்புன்னு சொல்லல அங்கிள். நெறைய பேருக்கு நாள் மறந்துடும். பாப்பா ஸ்கூல் சேந்ததுக்கு முன்னவா பின்னவா, தீபாவளிக்கு முன்னவா பின்னவான்னு யோசிச்சா ஞாபகம் வரும்."

"ஏம்மா, நான் என்ன எலியா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து ஆடிக் காட்டணும், சிரிச்சுக் காட்டணும், இப்பப் பொய் வேற சொல்றேனா? என் மொகத்தப் படம் புடிச்சு எவன் எவனுக்குக் காட்டுறீங்க?"

நஸீஹா பேனாவை வைத்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவனுடைய இடது பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். "மெஷின் பக்கத்துல வேலை செய்றவங்க, காதுல சத்தம் கேட்டா மெஷின் சத்தம்னு நெனச்சு விட்டுடறாங்க அங்கிள். லேட்டாதான் வர்றாங்க. எவ்ளோ லேட்டுன்னு நாங்க சரியா எழுதுனாதான், ஒத்தக் காதுல சத்தம்னு ஒருத்தர் கிளினிக்குப் போனா ஒடனே ஸ்கேனுக்கு அனுப்புவாங்க. நீங்க சொல்ற நாள், இன்னொருத்தர் மொகத்தக் காப்பாத்தும்."

மெஷின் சத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாசு விருட்டென்று எழுந்தான். அவ்வளவு வேகமாக எழக்கூடாது. சுவர் ஒருமுறை சுற்றி வந்து நின்றது. கதவைப் பிடித்து, நடைவழியின் பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து வெளியேறினான். லிஃப்ட் வாசலில் நின்ற ஓர் ஆள் தன் பிள்ளையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டான்.

நஸீஹா பின்னாலேயே ஓடிவந்தாள். வாசு மேசையில் விட்டுவந்த கண் சொட்டு மருந்தை ருக்குமணியின் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஜூன் இல்லை என்பது வாசுவுக்குத் தெரியும்.

மாக் மண்டினில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் அவன் இருபத்தொரு வருடம் ஃபிட்டர். மெஷினைத் திறக்காமலே நோய் சொல்லுவான் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை, மெஷினின் தண்டு சுழலும் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொள்வான். பேரிங் நன்றாக இருந்தால் மழை தூறுவது போல ஒரே சீரான சத்தம். கிரீஸ் இல்லாவிட்டால் ஊளையிடும். அவன் காது சொன்னால் லைன் நிற்கும்.

அந்தத் தீபாவளி கழிந்த பிப்ரவரியில் காற்று ஊதும் ஏழாம் நம்பர் புளோவரில் ஊளை கேட்டது. லைனை நிறுத்தச் சொன்னான். பேரிங்கைக் கழற்றி அப்படியே பழைய இரும்பு டிரம்மில் வீசிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். ஒரு முழு ஷிஃப்ட் போனது, போக வேண்டிய சரக்கு போகவில்லை. மெயின்டனன்ஸ் மானேஜர் ஹைருல், "யார் தப்பு?" என்று கேட்டார். கிரீஸ் போடுகிற வேலை சின்னையாவுடையது. சின்னையா ருக்குமணியின் கூடப்பிறந்த அண்ணன்.

"கிரீஸ் போடாமலே கையெழுத்து மட்டும் போட்டிருக்காங்க" என்றான் வாசு.

போட்டேன் என்று சின்னையா நின்றார். வீட்டுக்கு வந்து கத்தினார். தங்கை புருஷனின் சட்டையைப் பிடித்தார். கடைசியில் ருக்குமணிதான் இருவரையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். யார் பக்கம் உண்மையோ அவர் சூடத்தில் அடிக்கட்டும் என்றாள். "நான் அடிக்கிறேன்" என்று முந்திக்கொண்டவன் வாசு. தட்டில் சூடம் எரிந்தது. "அந்த பேரிங் ஊளையிட்டத என் காதால கேட்டேன். இது சத்தியம்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கை நடுங்கவில்லை. சின்னையா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சூடத்தின் பக்கம் போகவில்லை. மறுநாள் போய், கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. மெஷின்களையெல்லாம் நிறுத்திச் சுத்தம் செய்யும் நாள். ஃபேக்டரியே ஊமையாகக் கிடந்தது. கை பழக்கத்தில் வாசு ஏழாம் நம்பர் புளோவரில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை வைத்தான். ஊளை கேட்டது. மெஷின் ஓடவில்லை. படிக்கட்டுக் கம்பியில் வைத்தான், கேட்டது. கழிவறைச் சுவரில் வைத்தான். அங்கேயும் அதே ஊளை. வெளிச் சத்தத்தை அடைத்தால் போதும், உள்ளேயிருந்து அது எழுந்தது.

பழைய இரும்பு போடும் டிரம்மைக் கிளறி அந்த பேரிங்கை எடுத்தான். விரலை விட்டுச் சுற்றினான். வெண்ணெய் மாதிரி சுற்றியது. உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் நிறைந்திருந்தது. போட்ட கை பொய் சொல்லவில்லை. அதை ஒரு மைலோ டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பு, சப்பாத்து வைக்கும் அலமாரியின் பின்னால் வைத்தான். அது அங்கேயே இருக்கிறது.

முதலில் பயத்தால் சொல்லவில்லை. பிறகு கட்டி என்றார்கள். இனிமேல் சொன்னால் நோயைக் காட்டித் தப்பிப்பது போல ஆகும் என்று ஒரு காரணம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நாள் கேட்டபோது, பிப்ரவரிக்குப் பிந்திய ஏதாவது ஒரு மாதமாக இருக்கட்டும் என்று ஜூன் சொன்னான். சூடத்தில் அடித்தது பொய்யில்லை, கேட்டதைத்தான் சொன்னான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாய் திறக்காமல் போன ஒவ்வொரு நாளும் சாமிக்கு முன்னால் அவன் சொன்ன பொய்தான். இது வாசுவுக்கே தெரியும். அதனால்தான் கோயிலுக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிடுவான்.

அன்று பகல் வீட்டில் ருக்குமணி சோறு போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கங்கோங் கீரை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசு பாதிச் சோறு சாப்பிட்டதும் ஆரம்பித்தாள்.

"அண்ணன் சிம்பாங் அம்பாட்ல வீட்டுத் தாமான் கேட்டுல ஜாகா காவல் வேலை பாக்குது இல்ல, அந்தத் தாமான் பக்கத்துல ஒரு புது ஃபேக்டரி. மெயின்டனன்ஸ் ஆள் வேணுமாம். பழைய கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை போன் பண்ணி ஆள் எப்படின்னு கேப்பாங்களாம். நீங்க ஹைருல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் என்ன சொல்றது? தப்புன்னு கையெழுத்துப் போட்ட மனுஷன்."

"அறுவது நெருங்குது அதுக்கு. மழையில கொடையப் புடிச்சுட்டு எவன் எவன் காடிக்கோ கேட்டத் தொறந்து விடுது. ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாய் தேஞ்சுருமா?"

"என் வாய்தான் ஏற்கெனவே பாதி தேஞ்சு போச்சே!"

"வாய் மட்டுமா தேஞ்சுச்சு? மனசும்தான். ஒடம்பு சரியில்லாதவங்கன்னு பாத்துப் பாத்துப் போறேன். அந்தப் பொண்ணு இன்னிக்கு என்னா கேட்டுச்சு? நாள் கேட்டுச்சு. அதுக்கா அந்தக் கத்து?"

"நிறுத்து."

"நிறுத்த மாட்டேன். நீங்க ஆபரேஷன் மேசையில கெடந்தப்ப…" என்று தொடங்கியவள், உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

"என்ன? கெடந்தப்ப என்ன?" என்று வாசு எழுந்தான். அவள் அவனுடைய வலது பக்கமாகப் போனாள். அவன் அந்தப் பக்கம் சட்டென்று திரும்பினான். கால் எங்கே போனதென்று தெரியவில்லை. கை மட்டும் தானாக நீண்டு, அறையிலிருந்து கழிவறைவரை சுவரோடு ஓடுகிற இரும்புக் கம்பியைப் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அவன் பிடித்து நடக்கும் கம்பி. அவனுடைய மொத்த எடையும் ஒரே நொடியில் அதில் விழுந்தது. ஒரு முனை சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. இடுப்பு தரையில் மோதியது.

ஸ்கூலிலிருந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த ஷர்மினி ஓடிவந்து அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

கிளினிக்கில் வாசுவுக்கு இரண்டு நாள் எம்சி விடுப்பு கொடுத்தார்கள். புதன்கிழமை ருக்குமணி விடிகாலை ஃபேக்டரி பஸ்ஸில் போய்விட்டாள். ஷர்மினி ஸ்கூலுக்குப் போயிருந்தாள். பத்து மணிக்குக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தான். ஒரு கையில் டிரில் பையும் மறு கையில் ருக்குமணி கொடுத்து வைத்த சாவியுமாகச் சின்னையா நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"மாப்ள வேலைக்குப் போகலயா?" அவன் இருப்பான் என்று அவர் நினைக்கவில்லை; ருக்குமணி அதைச் சொல்லாமலே வரச் சொல்லியிருந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"ருக்கு போன் பண்ணுச்சு. கம்பி கழண்டுருச்சுன்னு."

"அது ஆள் வச்சுப் போட்டது. அந்த ஆளையே கூப்புட்டுக்குறேன்."

"அந்த ஆள்தான் வந்திருக்கேன். வழிய விடு."

வாசு விலகினான். சின்னையா சப்பாத்தைக் கழற்றி, மைலோ டின் இருந்த அந்த அலமாரி ஓரமாகவே வைத்துவிட்டு உள்ளே போனார். பெயர்ந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். காரை உதிர்ந்தது. சாதாரண ஆணி தாங்காது, நீளமான போல்ட் வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் புதிதாகத் துளை போட்டார். டிரில் சத்தம் ஒரு காதில் மட்டும் ஏறி வாசுவின் தலையைப் பிளந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றரை வருடத்துக்கு மேலாகத் தன் உள்ளங்கை தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்தக் கம்பியையே பார்த்தான்.

சின்னையா அவனுடைய வலது பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார். பதில் வராததைப் பார்த்து நின்றார். பிறகு சுற்றி இடது பக்கம் வந்தார். "ஸ்பேனர எடுன்னு கேட்டேன். காலடியில கெடக்கு."

எடுத்துக் கொடுத்தான். "ஏன் செஞ்சீங்க மச்சான்?"

"ஒனக்கா செஞ்சேன்? ஒன்னத் தூக்கித் தூக்கி என் தங்கச்சி இடுப்பு ஒடிஞ்சுருமேன்னு செஞ்சேன். ஒன் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் நீ ஆஸ்பத்திரியில இருக்கப்ப வந்து போட்டேன். இன்னிக்கும் முழிக்கக் கூடாதுன்னுதான் இந்நேரத்துக்கு வந்தேன். என் நேரம்."

நான்கு போல்ட்டையும் முறுக்கி முடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்தார். திரும்பப் போய் நான்கு போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"ஒனக்கென்ன?" என்றார். அதோடு போயிருப்பார். ஆனால் அவருக்கும் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை போலிருக்கிறது. டிரில்லைப் பையில் வைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கு நீ சூடத்த அடிச்ச பாரு, அதுவரைக்கும் நீ பொய் சொல்றேன்னுதான் நெனச்சேன். ஒன் கையப் பாத்தேன். நடுங்கல. வாசு திமிர் புடிச்சவன், ஆனா சாமி முன்னாடி பொய் சொல்ல மாட்டான். அப்பப் பொய் சொன்னது யாரு? என் கைதான். கிரீஸ் பம்ப எடுத்தது ஞாபகம் இருக்கு, அடிச்சது ஞாபகம் இருக்கு. அது அந்த வாரமா, முந்துன வாரமா? தெரியல. அன்னிலேருந்து எதுவுமே தெரியல மாப்ள. கேட்டப் பூட்டிட்டு மூணு தரம் திரும்பிப் போய்ப் பாக்குறேன். அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில எறங்கி வீட்டுக்கு ஓடுறேன். அதான் எழுதி வெக்கிறேன்."

"அந்தப் புது வேலை…"

"வரலன்னு சொல்லிரப் போறேன். மெஷின் பக்கம் நிக்கவே பயமா இருக்கு. என் கையால எவனுக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? ருக்குகிட்டச் சொல்லாத, அது கெடந்து அழும்."

வாசுவின் வாய் திறந்தது. வலது ஓரத்தில் எச்சில்தான் வழிந்தது. சின்னையா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மடியில் போட்டார்.

"தொட. புடிச்சுப் பாரு கம்பிய. முழு எடையும் போட்டுப் பாரு."

பிடித்தான். அசையவில்லை.

"தண்ணி குடிச்சுட்டு…"

"ஒன் வீட்டுலயா? வேணாம்."

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. வாசு அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமிப் படத்தின் முன்னால் போய் நின்றான். காலையில் ருக்குமணி ஏற்றிய விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒருவனுடைய வேலையை எடுத்துக்கொண்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தான். எடுத்தது அவருடைய கையை. கும்பிடக் கையைத் தூக்கினான். கம்பியை விட்டால் சாய்வான். ஒரு கையாலேயே கும்பிட்டான். கடவுள் அதையும் ஏற்றுக்கொள்வார்.

பிறகு நஸீஹாவுக்குப் போன் போட்டான்.

"நேத்து கத்திட்டேன் மா. மன்னிச்சுக்க. அந்த நாள எழுதிக்க. 2022 தீபாவளி. அக்டோபர் இருபத்தி நாலு. காலையில."

அந்தப் பக்கம் தட்டச்சும் சத்தம் கேட்டது. "இவ்ளோ சரியாவா அங்கிள்?"

"பாப்பா கேட்டா. அதான் தெரியும். அவ சொன்னது விழல, மெஷின் சத்தம் மாதிரி ஒண்ணுதான் விழுந்துச்சு. பயத்துக்கு இல்லைன்னு சொன்னேன் பாரு, அதையும் மாத்திக்க. கூட்டத்துக்கு வெக்கம்னு கேட்டியே, அதையும். எல்லாம் 'எப்பவும்'தான்."

நஸீஹா ஏன் என்று கேட்கவில்லை. அவன் வேறொன்று கேட்டான்: அந்த நாளிலிருந்தே தன் காதில் சத்தம் இருந்தது என்று டாக்டர் ஒரு கடிதம் தர முடியுமா? தன் வேலையிடத்துக்கு வேண்டும். மறுநாள் காலையில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரின் கையெழுத்தோடு கடிதம் காத்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அவள் அவனை லிஃப்ட்வரை கொண்டுவந்து விட்டாள், இடது பக்கமாகவே.

அன்று மத்தியானமே ஹைருலின் அறையில் நின்றான். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மலாயில்தான் பேசினார், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இடது காதில் விழுந்தது.

"என் லைன நிறுத்தினது உன் காதா?"

"ஆமா."

"எப்போது தெரியும்?"

"ரெண்டு வாரத்துல தெரியும்."

"இத்தனை வருடமா வாய மூடிக்கிட்டு, என் முன்னாடி சம்பளம் வாங்கினியா? அந்த மனுஷன் இந்த நாற்காலிக்கு முன்னாடி நின்னு அழுதாரு, தெரியுமா?"

வாசுவுக்குத் தெரியாது. அவர் அழுததாக யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஹைருல் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவர் முகத்தில் நல்லது ஒன்றும் இல்லை. வாசுவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவனை ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்திருந்த சாவிக்கொத்தை மேசை மேல் வைக்கச் சொன்னார். இனி எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு வேறு ஆள், இவனுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. சாவியை வைத்தான். "நாளைக்கு சிம்பாங் அம்பாட்லேருந்து போன் வரும்" என்று மட்டும் சொன்னான்.

"என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீ போ."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ருக்குமணி போனும் கையுமாக அடுப்படியில் நின்று சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பழைய கம்பெனி நல்ல ஆள், சுத்தமான வேலை என்று சொல்லிவிட்டதாம். "நீங்க ஒரு வார்த்த சொல்லல, ஆனா கடவுள் சொல்லிட்டாரு பாருங்க" என்று குத்தினாள். வாசு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "ஆனா அண்ணன் வேலைக்குப் போறேன்னு வாயத் தொறக்க மாட்டேங்குது. யோசிக்கணுமாம். என்ன யோசன?"

சனிக்கிழமை அவள் ஓவர்டைமுக்குப் போன பிறகு, ஷர்மினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சப்பாத்து அலமாரியின் பின்னாலிருந்து மைலோ டின்னை எடுத்தான். ஃபெர்ரியில் எல்லோரோடும் சேர்ந்து ஆடினான். அக்கரையில் பஸ் மாறி சிம்பாங் அம்பாட்டில் இறங்கினான். வெயில் கண்ணில் குத்தியது. மூடாத கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தாமானின் கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தான். லோரி ஒன்று ஹார்ன் அடித்தது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் அப்படியே நின்று, அது போன பிறகு நடந்தான்.

காவல் கூண்டு காலியாக இருந்தது. சின்னையா சுற்றிவரப் போயிருந்தார். நாற்காலியின் முதுகில் அவருடைய மழைக்கோட்டு; மேசையில் தண்ணீர்ப் போத்தலும், வந்து போகிறவர்கள் எழுதும் பெரிய நோட்டும், நூலில் கட்டிய பேனாவும். வாசு சுற்றிப் பார்த்தான். வரிசை வீடுகள் வெயிலில் கதவடைத்துக் கிடந்தன.

டின்னைத் திறந்து பேரிங்கை வெளியே எடுத்தான். விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். இத்தனை காலத்துக்குப் பிறகும் அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைக்கவில்லை. நோட்டின் நடுவில், காற்றில் தாள் பறக்காதபடி பேரிங்கை வைத்தான். பிறகு குனிந்து, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, கட்டம் கட்டமாக நிரப்பினான்.

பெயர்: வாசு. வந்த நேரம்: 12.20. வந்த காரணம் என்ற கட்டம் சின்னது. எழுத்தைச் சுருக்கி எழுதினான்: ஏழாம் நம்பர் புளோவர் பேரிங். கிரீஸ் நிறைய இருந்தது, தொட்டுப் பாருங்க மச்சான். ஊளை என் காதுல.

போன நேரம் என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதைக் காவலாள்தான் பார்த்து எழுத வேண்டும். பார்க்க அங்கே யாரும் இல்லை. 12.25 என்று அவனே எழுதிவிட்டு, பேனாவை நூலோடு தொங்கவிட்டு, வேலியைப் பிடித்தபடி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான்.